துர்காவின் மாலையும் வெயிலில் காயும் பற்றரியும்

வங்காளத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ முடியச் சற்று முன்னால் வரும் காட்சி இது. குடும்பம் ஊரைவிட்டுப் போகச் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறது. சிறுவன் அப்பு உயரத்தில் கிடந்த பழைய ஏனங்களை இறக்குகிறான். ஒரு சிரட்டை கைக்கு வருகிறது. அதில் ஒரு சிலந்தி, கூடவே ஒரு மணிமாலை. படத்தின் முற்பகுதியில் அந்த மாலையை அக்கா துர்கா திருடிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சண்டை பிடித்திருந்தாள். துர்கா இல்லை என்றாள். தாய் அவமானம் தாங்காமல் அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். இப்போது துர்கா உயிரோடு இல்லை. அப்பு மாலையைக் கொண்டுபோய்க் குளத்தில் எறிகிறான். மேலே படர்ந்திருந்த பாசி விலகுகிறது, கொஞ்சம் தண்ணீர் தெரிகிறது, பிறகு பாசி மெல்ல வந்து அந்த இடத்தை மூடிவிடுகிறது. யாரும் ஒரு சொல் பேசுவதில்லை.

கிழக்கிலங்கையில் பல்கலைக்கழகப் படிப்பு நடக்கிற கல்லடியில், வந்தாறுமூலையில், ஒலுவிலில் படிக்கிற பிள்ளைகள் குறும்படம் எடுக்கத் தொடங்கும்போது, எப்படியோ ஒரு கட்டத்தில் இந்தப் படம் அவர்கள் முன்னால் வந்துவிடும். ஆசிரியர் போட்டுக்காட்டுவார், அல்லது போனில் தேடிப் பார்ப்பார்கள். பார்த்தபின் அவர்கள் எழுதும் கதையில் ஒரு ரயிலோ ஒரு நாணல் காடோ வந்து உட்காரும். ஒரு பெரிய படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்றால் அதிலுள்ள பொருள்களை எடுத்துக்கொள்வது என்ற எண்ணம் இதற்குக் காரணம். நான் சொல்ல வருவது வேறு. ராயிடமிருந்து எடுக்கவேண்டியது, ஒரு சாதாரணப் பொருளை அவர் எந்த வரிசையில், எந்த வேலையில் வைத்துக் காட்டினார் என்பதை. மாலை முதலில் வெறும் மாலை. ஒரு ஏழைப் பிள்ளை ஆசைப்பட்ட பொருள். அடுத்தது ஒரு பழி. கடைசியில் தம்பி மட்டும் தெரிந்துவைத்திருக்கும் இரகசியம். மாலை மாறவே இல்லை. அதைச் சுற்றி இருந்த மனிதர்கள் மாறிவிட்டார்கள்.

இந்தப் படம் எப்படி உருவானது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நம் பிள்ளைகளின் நிலைமைக்கு அது மிகவும் கிட்ட இருக்கிறது. ராய் அப்போது கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்த ஓவியர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது அதற்குப் படம் வரைந்தவரும் அவரே. அந்தப் படங்களே பிறகு காட்சிகளாகின. முழுத் திரைக்கதை என்று ஒன்றை அவர் எழுதவில்லை, காட்சிகளைக் கோட்டோவியமாக வரைந்த ஒரு கொப்பியை வைத்துக்கொண்டே வேலை செய்தார். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவுக்கு வயது 21, அதற்குமுன் அவர் சினிமாக் கமராவைப் பிடித்ததே இல்லை. காசு தீரும்போதெல்லாம் படப்பிடிப்பு நின்றது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துத்தான் 1955இல் படம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் பரிசும் பெற்றது.

முதல் நாள் படப்பிடிப்பு 1952 ஒக்டோபரில் நாணல் பூத்த வெளியில் நடந்தது. அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கப் போகிற காட்சி. பாதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப்போனால் நாணல் பூக்களை மாடுகள் தின்று முடித்திருந்தன. மிச்சக் காட்சியை எடுக்க அடுத்த பருவம்வரை காத்திருந்தார்கள். வேறு ஒரு வெளியைத் தேடிப்போய் ஒப்பேற்றியிருக்கலாம். அந்த வெள்ளைப் பூவுக்குள் கரும்புகை வந்து படியவேண்டும் என்று அவர் மனத்தில் ஏற்கனவே வரைந்துவைத்திருந்தார், அதனால் காத்திருந்தார்.

அந்த ரயிலைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் எல்லாரும் திருட விரும்புவது அதைத்தான். நாம் அதைக் கண்ணால் காண்பதற்கு வெகு முன்னரே, இரவில் வீட்டுக்குள் இருக்கும்போது அதன் ஊதல் தூரத்திலிருந்து கேட்கிறது. அதற்கும் பிறகுதான் வெளி வருகிறது. துர்கா தந்திக் கம்பத்தில் காதை வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்கிறாள், தம்பியும் கேட்கிறான். அப்புறம் நாணல், கரும்பு, தூரத்தில் புகை, ஓட்டம். ஓட்டத்தில் துர்கா விழுந்துவிடுகிறாள். அப்பு மட்டும் மேட்டில் ஏறி ரயிலைக் கிட்டத்தில் பார்க்கிறான். திரும்பி வரும் வழியில் மூங்கில் தோப்புக்குள் அவர்களுடைய உறவுக்காரக் கிழவி இந்திர் செத்துக்கிடக்கிறாள். காய்ச்சலில் படுத்திருக்கும்போது துர்கா தம்பியிடம், சுகமானதும் திரும்ப ரயில் பார்க்கப் போவோம் என்கிறாள். போகவில்லை.

அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் அதே ரயில், நகரத்துக்குப் படிக்கப்போன மகன் எப்போது வருவான் என்று தாய் வாசலில் இருந்து பார்க்கிற ரயிலாகிவிடுகிறது. மூன்றாவது படமான ‘அபுர் சன்சாரில்’ வளர்ந்த அப்பு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் குடியிருக்கிறான், அந்தச் சத்தம் அவனுக்குத் தொந்தரவு. அக்கா எட்டிப்பிடிக்க முடியாமல் விழுந்த அதே ரயில். 3 படங்களிலும் யாரும் ரயிலைக் காட்டி விளக்கம் சொல்வதில்லை.

இப்போது கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ ஒரு மாணவர் தன் குறும்படத்தில் ரயில் வைக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பாறை மாவட்டத்தில் பயணிகள் ரயிலே ஓடுவதில்லை. மாகோவிலிருந்து வரும் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. திருக்கோவிலில் வளரும் ஒரு பிள்ளை இரவில் படுத்திருந்து கேட்பது கடலை, அல்லது பிரதான வீதியில் கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸை. வெளியுலகம் அவளைக் கூப்பிடும் சத்தம் அது என்றால், அதுதான் அவள் படத்துக்கு வேண்டியது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே வாவியைக் கடக்கிற பாதை, அதாவது ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மிதந்துபோகும் அந்தத் தட்டு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்த பிள்ளைக்கு ரயில் செய்த வேலையைச் செய்யும். ஆனால் இதிலும் கவனம் வேண்டும். படத்தின் தொடக்கத்தில் அழகுக்கு ஒரு ஷொட்டும் முடிவில் அழகுக்கு ஒரு ஷொட்டுமாகப் பாதையைக் காட்டினால் அது அஞ்சலட்டையாகப் போய்விடும். யாரோ ஒருவர் அதைத் தவறவிடவேண்டும், யாரோ ஒருவர் அதில் ஏற மறுக்கவேண்டும்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வருவது இயல்பு. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்திலும் குறியீடு களரிக்கு, அதாவது ஆடும் அரங்குக்கு, வருமுன்னரே சபைக்குத் தெரியும். முடியைப் பார்த்தால் அரசன், வரவுத் தாளத்தைக் கேட்டால் யார் வருகிறார் என்று கிழவிகூடச் சொல்லிவிடுவாள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரும் சபையும் ஒரே அகராதியை வைத்திருக்கிறார்கள், அதனால்தான் வட்டக்களரியில் ஒன்றுமே இல்லாமல் ஒரு நாட்டையே நிறுத்த முடிகிறது. சினிமாவுக்கு அப்படி ஒரு பொது அகராதி கிடையாது. ஒவ்வொரு படமும் தன் அகராதியைத் தானே எழுதி, பார்ப்பவருக்குச் சொல்லிக்கொடுத்து, பிறகு பரீட்சை வைக்கவேண்டும். பத்து நிமிடப் படத்தில் இதற்குக் கிடைப்பது முதல் மூன்று நிமிடங்கள்தான். மாணவர் படங்கள் பலவற்றில் கூண்டைவிட்டுப் பறக்கும் கிளி, அணையும் மெழுகுவர்த்தி, உடைந்த கண்ணாடி, இரத்தம் பட்ட பாடசாலைக் கொப்பி எல்லாம் வருகின்றன. அவை கூத்தின் முடியைப்போல வெளியிலிருந்தே பொருளைக் கொண்டுவருகின்றன, ஆனால் கூத்தின் சபை அங்கே இல்லை. போரையும் ஆழிப்பேரலையையும் பற்றி எடுக்கும்போது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. எங்கள் மண்ணில் அந்த இரண்டுக்கும் மெழுகுவர்த்தியைவிட நல்ல சாட்சிகள் இருக்கின்றன.

இவ்வளவும் வங்காளத்திலிருந்து வந்த பாடம் என்று நினைத்தால் அது நமக்கு நாமே செய்கிற அநியாயம். வைகாசி பிறந்தால் செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கி, கண்ணகி கதையான வழக்குரை பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு முடியும். அந்தக் கதையின் நடுவில் இருக்கும் சிலம்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் அது விற்பனைக்குரிய நகை. மதுரையில் முதல் போட்டு வியாபாரம் தொடங்கக் கோவலன் கையில் இருக்கிற கடைசிச் சொத்து. தட்டான் கையில் போனதும் அது திருட்டுப் பொருள். கோவலன் வெட்டுண்ட பிறகு, பாண்டியன் சபையில் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கும்போது அது வழக்கின் சாட்சி. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. விற்கப்போன ஒரு நகை ஒரு அரசைச் சாய்க்கிறது. சிலம்பு தொடக்கத்திலேயே நீதியின் சின்னமாக அறிமுகமாகியிருந்தால் இந்தக் கதைக்கு உயிரே இருந்திராது.

துர்காவின் மாலையையும் சிலம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இரண்டிலும் ஒரு நகை, ஒரு திருட்டுப் பழி, பழி சுமந்தவரின் சாவு, சாவுக்குப் பின் வெளிவருகிற உண்மை. கோவலன் திருடவில்லை என்று உலகத்துக்கே தெரியும்படி சிலம்பு உடைகிறது. துர்கா திருடியிருந்தாள் என்று தெரியும்போது அந்த உண்மையைத் தம்பி யாருக்கும் தெரியாமல் தண்ணீருக்குள் போடுகிறான். கண்ணகி சத்தமாகச் செய்ததற்கும் அப்பு சத்தமில்லாமல் செய்ததற்கும் காரணம் ஒன்றேதான், செத்துப்போனவர் மேல் வைத்த அன்பு. வழக்குரை கேட்டு வளர்ந்த மட்டக்களப்புப் பிள்ளைக்கு ராயின் அந்தக் காட்சி புரிவதற்குச் சினிமாப் பள்ளிக்கூடம் தேவையில்லை. அதன் எலும்புக்கூடு அவள் காதில் சின்ன வயதிலேயே விழுந்திருக்கிறது.

சரி, இதை வைத்து ஒரு குறும்படத்தை எப்படிக் கட்டலாம்? ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். வெல்லாவெளிப் பக்கம் ஒரு வீடு. தந்தை இரவில் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, காவலுக்குப் போகிறவர். தை மாசிக் காலம், கதிர் முற்றுகிற நேரம், யானை இறங்குகிற நேரமும் அதுதான். இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் யானை தாக்கி ஆண்டுக்கு 100 பேருக்கு மேல் இறக்கிறார்கள், அவர்களில் பலர் இப்படிப்பட்ட வயற்காரர்கள். கதைக்கு வேண்டிய ஆபத்தை நாம் கற்பனை செய்யத் தேவையில்லை.

பொருள் என்ன? டோர்ச் லைட் என்று பலர் உடனே சொல்வார்கள். ஒளி, இருள், நம்பிக்கை என்று அதற்கு ஏற்கனவே நிறையப் பொருள் ஒட்டியிருக்கிறது, அதனால் அதை நான் முன்னால் வைக்கமாட்டேன். டோர்ச்சுக்குள் இருக்கிற இரண்டு பெரிய பற்றரியை எடுப்பேன். பற்றரி இறங்கிவிட்டால் வெயிலில் வைப்பார்கள், சூடேறினால் கொஞ்ச நேரம் கூடுதலாக எரியும். புதுசு வாங்குவதைத் தள்ளிப்போட்ட எல்லா வீட்டிலும் இது நடந்த விஷயம்.

முதல் காட்சி நடுப்பகல். தந்தை இரண்டு பற்றரியையும் கழற்றி வாசற்படியில் வைக்கிறார். பத்து வயது மகள் அவற்றை உருட்டி விளையாடுகிறாள். “புள்ள, நிழலுக்குப் போகாமப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அவர் படுக்கப் போகிறார். வெயில் நகர நகர அவள் பற்றரியையும் நகர்த்துகிறாள். மம்மலில், பொழுது படும் நேரம், அவர் டோர்ச்சைப் போட்டுப் பார்க்கிறார், சுவரில் மஞ்சளாக ஒரு வட்டம். இரண்டாவது காட்சி இரவு. தாய் வேலியோரம் நிற்கிறாள். தூரத்தில் பரண் பக்கமிருந்து வெளிச்சம் இரண்டு தரம் மின்னுகிறது. தாய் உள்ளே வந்து கதவைச் சாத்துகிறாள். அடுத்த நாளும் அப்படித்தான், இந்தத் தரம் மகளும் பக்கத்தில் நிற்கிறாள். மூன்றாவது இரவு, யானையை விரட்டப் போடும் யானை வெடிச் சத்தம் கேட்கிறது. வெளிச்சம் வரவில்லை. யானையைக் காட்டவே கூடாது. சடலத்தையும் காட்டக்கூடாது. படலையடியில் நிறையச் செருப்புகள், ஒரே ஒரு ஷொட், போதும்.

சில நாள் கழித்துப் பக்கத்து வயற்காரர் ஒருவர் டோர்ச்சைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறார். பகல். மகள் அதைத் திறந்து பற்றரியை எடுத்து வாசற்படியில் வைக்கிறாள். யாரும் சொல்லவில்லை. தாய் முற்றம் கூட்டிக்கொண்டு வருகிறாள். பற்றரிகளைக் காண்கிறாள். அவற்றை எடுக்காமல், சுற்றிவரக் கூட்டிக்கொண்டு போகிறாள். படம் அங்கே முடிகிறது.

இதற்கு மேல் ஒரு காட்சி வைக்க எல்லாருக்கும் கை துருதுருக்கும். மகள் பரணில் ஏறி இரண்டு தரம் மின்னுவது போல, தாய் அதைப் பார்த்து அழுவது போல. வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அது பார்ப்பவருக்கு ஆறுதல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடும். சுற்றிவரக் கூட்டுகிற விளக்குமாறு அவரை விடாது.

இதைப் படமாக்கும்போது சில நடைமுறை விஷயங்கள் உண்டு. பருவம் தவறினால் வயல் தவறும். பங்குனியில் போனால் வெட்டிய தாள்தான் இருக்கும், நாணல் தின்ற மாடுகளின் கதைதான் நமக்கும். படுவான்கரையில் காலை வெயில் வாவிக்கு மேலால் வருகிறது, முகத்தில் படும் ஒளி மென்மையாக இருப்பது அப்போதுதான். வாசற்படிக் காட்சிக்கு மாறாக உச்சி வெயிலே வேண்டும், பற்றரி காயவேண்டுமே. நிழலில் நிற்கும் தாயின் முகம் இருண்டுபோனால் எதிரே ஒரு வெள்ளைச் சீலையைப் பிடித்து வெயிலை அதில் பட்டுத் தெறிக்கவிடலாம். ‘அபராஜிதோ’வின் காசி வீட்டுக்குச் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி அதில் விளக்கொளியை அடித்துத் திருப்பினார், அதே வழிதான். இரவுக் காட்சியை இரவில் எடுத்தால் போன் கமராவில் படம் புள்ளி புள்ளியாகப் போய்விடும். சூரியன் மறைந்தபின் எங்கள் பகுதியில் கிடைக்கும் 20 நிமிட மம்மலில் எடுத்து, எடிட்டிங்கில் இன்னும் இருட்டாக்கலாம். டோர்ச் மின்னும்போது போன் தானாக ஒளியைக் குறைத்துவிடும், ஆகவே ஒளி அளவை முன்கூட்டியே பூட்டிவைக்கவேண்டும். வீட்டுக்குள் மின்விளக்கில் எடுத்தால் வினாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அப்போதுதான் வெளிச்சம் துடிக்காது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ‘பதேர் பாஞ்சாலி’யில் தந்தை ஹரிஹர் ஊருக்குத் திரும்பி வந்து, துர்காவுக்கு வாங்கிய சேலையை எடுத்துக் கொடுக்கும்போது தாய் உடைந்து அழுகிறாள். அவளுடைய அழுகைச் சத்தத்தை ராய் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்புக் கருவி ஒன்று உச்சத்தில் அலறுகிறது. இதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் சோகக் காட்சிக்குப் புல்லாங்குழலோ வயலினோ தேடி இணையத்தில் இறங்குகிறார்கள். ராய் இசையைக் கூட்டினார் என்பதைவிட, மனிதக் குரலைக் கழித்தார் என்பதில்தான் பாடம் இருக்கிறது. நம் படத்தில் கழிக்கக்கூடியது எது? இரவுக் காட்சிகள் இரண்டிலும் தவளைச் சத்தத்தை நன்றாகப் பதிந்து வையுங்கள். மூன்றாவது இரவு வெடிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். மைக் வாங்கக் காசில்லாவிட்டால் இன்னொரு போனை வயல் வரம்பில் வைத்துப் பதிந்தாலே போதும், காற்றுப் படாமல் ஒரு துணியைச் சுற்றவேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியமானது. பொருளை மேசையில் இருந்து யோசித்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். இப்போது பல வீடுகளில் சார்ஜ் பண்ணுகிற டோர்ச், தலையில் கட்டுகிற லைட். நீங்கள் படம் எடுக்கப் போகிற வீட்டில் பற்றரி டோர்ச் இல்லையென்றால் பிடிவாதம் பிடிக்கக்கூடாது. அந்த வீட்டில் சார்ஜர் எந்தச் செருகியில் தொங்குகிறது, அது யாருடைய இடம், இரவில் மின்சாரம் போனால் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். கதை அங்கிருந்து மாறட்டும். ஒரு பகல் முழுவதும் அந்த முற்றத்தில் இருந்து பார்த்தால், நாம் யோசித்ததைவிட நல்ல பொருள் ஒன்று எப்படியும் கண்ணில் படும். உண்மையிலேயே யானையால் ஆளை இழந்த வீடு என்றால் அந்த முற்றத்தில் கமராவை வைக்குமுன் அவர்களிடம் கதையைச் சொல்லி, சம்மதம் கேட்டு, படம் முடிந்ததும் முதலில் அவர்களுக்கே போட்டுக்காட்டவேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

முதல் வெட்டு முடிந்ததும், கதை தெரியாத ஒருவரை இருத்தி, சத்தம் இல்லாமல் படத்தைக் காட்டுங்கள். முடிவில் அந்தப் பற்றரி என்ன என்று கேளுங்கள். “ஏதோ குறியீடு போல” என்று அவர் சொன்னால் படம் இன்னும் முடியவில்லை. “தகப்பன் வெயிலில் வைக்கிறது, புள்ள எடுத்து வைக்குது” என்று சொன்னால் நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள். முதல் பதில் வந்தால் பெரும்பாலும் கடைசிக் காட்சியைத்தான் பிள்ளைகள் திரும்ப எடுக்க ஓடுவார்கள். அதைத் தொடவேண்டாம். முதல் நடுப்பகலுக்குப் போய், மகள் பற்றரியை உருட்டுகிற ஷொட்டை இன்னும் ஐந்து வினாடி நீட்டிப் பாருங்கள்.